தள்ளியவர்களுக்கு ஊர் ரேட்டு

சூலூர்பேட்டை லோக்கலில் வந்து
ஆரம்பாக்கத்தில் இறங்கியபோது மணி பதினொன்று.
ஷேர் ஆட்டோ படகுத்துறைக்கு வந்து சேர்வதற்குள்
மடியிலிருந்த அல்வா டப்பா கொதித்துவிட்டது.

எனக்கு முன்பே படகில் ஏறியிருந்தவை:
இரண்டு கேஸ் சிலிண்டர், ஒரு பைக்,
கால் கட்டிய சேவல்,
தீமிதிக்கு வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் பெட்டிகள்,
அவற்றின் மேல் வாய்பிளந்து தூங்கும் ஒரு பையன்.

படகுக்காரர் நான் வேலைக்குப் போனபிறகு வந்தவர்.
என் கழுத்தைப் பார்த்தார்.
கம்பெனி அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன்.
"பூநாரை பார்க்கவாம்மா? சீசன் முடிஞ்சுபோச்சே.
வெளியாளுக்கு அம்பது ரூபா."

சொல்லியிருக்கலாம்,
நாகபூஷணத்தின் சின்ன மகள் என்று,
இதே ஏரியில் இறால் தடவித்தான்
பன்னிரண்டாம் வகுப்புக்குப் பணம் கட்டினேன் என்று.
ஏனோ நோட்டை நீட்டிவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் நான் ஆந்திராக்காரி.
ரேஷன் அட்டை தெலுங்கில்,
தூக்கத்தில் உளறுவது தமிழில்.
"இவ்ளோ நல்லா தமிழ் எங்கம்மா கத்துக்கிட்டே?"
சூப்பர்வைசர் ஒருமுறை கேட்டார்.
அன்றைக்கும் பதில் சொல்லவில்லை.

நடு ஏரியில் போன் அதிர்ந்தது.
ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறது.
காற்று கொஞ்சம் திரும்பியதும் மறுபடி.
தமிழ்நாடு உங்களை வரவேற்கிறது.
இரண்டு பேரும் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள்,
யார் வீட்டிலும் உலை வைத்த மாதிரி தெரியவில்லை.

அப்போதுதான் மோட்டார் இருமி நின்றது.
வைகாசியில் இந்த ஏரிக்கு முழங்கால்தான் ஆழம்.
"எறங்குங்கப்பா."
ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டினார்கள்.
ஸ்பீக்கர் பையனை எழுப்பி இறக்கினார்கள்.
சேவல் இறங்கவில்லை.
"நீங்க ஒக்காருங்கம்மா" என்றார் என்னிடம்.

செருப்பைப் பைக்குள் போட்டேன்.

நான் வேலை செய்யும் கூடத்தில்
ஒரு தலைமுடி விழுந்தால் ஒரு வரிசையே நிற்கும்.
தலைக்கு உறை, காலுக்கு உறை,
உள்ளே போகுமுன் காற்றில் குளிக்கவேண்டும்.
எட்டு மணிநேரம்
போன்களின் முதுகை மூடிக்கொண்டிருப்பேன்,
அதில் ஒன்றுகூட என் பெயரைக் கேட்டு அடித்ததில்லை.

இப்போது சேறு.
மேலே சுடுகிறது, அப்புறம் வெதுவெதுப்பு,
விரல் போய் நிற்கும் இடத்தில் கிணற்றடிக் குளிர்.
குதிகாலை முதலில் ஊன்றக்கூடாது, சிப்பி கிழிக்கும்.
பாதத்தைப் பக்கவாட்டில் செருகவேண்டும்.
நினைப்பதற்குள் கால் திரும்பிக்கொண்டது.

பின்பலகையில் தோளைக் கொடுத்தேன்.
பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த மஸ்தானய்யா
என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"யார் பொண்ணு நீ?"
"பூஷணம் பொண்ணு. சின்னவ."
"அடிப்பாவி! தேசப்பன்கிட்ட அம்பது குடுத்தியே,
வாயில என்ன வச்சிருந்தே?"
தொடர்ந்து தெலுங்கில் ஒரு வசவு.
படகுக்கா, ஏரிக்கா, எனக்கா, தெரியவில்லை.
மூன்று பேருமே கொஞ்சம் அசைந்தோம்.

படகு முனகி, மிதந்தது.

தேசப்பன் நாற்பது ரூபாயைத் திருப்பித் தந்தார், ஈரமாக.
"தள்ளுனவங்களுக்கு ஊர் ரேட்டு."
மன்னிப்பெல்லாம் இல்லை.
பத்து ரூபாய்க்கு நான் இந்த ஊர்.

கரையில் அண்ணன் வண்டியோடு நின்றான்.
"எப்டி இருக்கீங்க எல்லாரும்?" தண்ணீரிலிருந்தே கத்தினேன்.
எங்கள் தீவில் அந்தக் கேள்விக்கு
ஊர்ப்பெயரையே பதிலாகச் சொல்லிவிடுவார்கள்.
"இருக்கம்" என்றான்.

விடுமுறை நான்கு நாள்.
ஒன்றில் பாதி வழியிலேயே போய்விட்டது.
முழங்கால் சேறு காய்ந்து
வெள்ளையாக வெடிக்கத் தொடங்கியிருந்தது.
அதைக் கழுவிக்கொள்ளலாம்.
மூடியைத் திறந்தால் நெய் ஒரு பக்கம், அல்வா ஒரு பக்கம்.
இதை எப்படி ஒன்றுசேர்ப்பது என்று
அண்ணியிடம்தான் கேட்கவேண்டும்.